கண்கட்டு போடாதவள்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அழுக்குத் துணிகள் சலவைக்குப் போகிற வழியில், கணினிப் பிரிவுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். மேல்மாடி வார்டுகளின் படுக்கை விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகச் சறுக்கிக்கொண்டு வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழும். விழும்போதெல்லாம் ஈரத்துணியும் மருந்தும் இன்னதென்று சொல்ல முடியாத வேறு ஏதோவும் கலந்த ஒரு வாடை, ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும். அவளுக்கு மட்டும் பழகவே இல்லை.

அவளுக்கு எதுவுமே எளிதில் பழகாது. அறை மூலையில் பொது ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதில் டப்பாவை வைப்பவர்கள் உண்டு, எடுப்பவர்கள் கிடையாது. உள்ளே என்ன ஊசிப்போயிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கதவைத் திறந்து, சட்டென்று தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு, முழங்கையால் சாத்திவிட்டுப் போவார்கள். அவள்தான் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது யாரோடது?" என்று அறை நடுவில் தூக்கிப் பிடிப்பாள். யாரும் தலை நிமிரமாட்டார்கள். டீயில் ஊற்றுமுன் பாலை முகர்வாள், கண்ணாடித் தம்ளரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அதனால் அவளுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளடைவில் முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள், அவளும் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஆனால் அந்தப் பெயர் அவளுக்கு நிலைத்துப்போனது பாலால் இல்லை, கண்கட்டால்.

இரண்டு கணினிகள் ரகசியமாகப் பேசிக்கொள்வதற்கு முன்னால், பதில் சொல்லப்போகிற கணினி தன் சான்றிதழை நீட்ட வேண்டும். நான் இன்னார், எனக்கு முத்திரை போட்டுக் கொடுத்தவர் இன்னார் என்று அதில் இருக்கும். கேட்கிற கணினியிடம் நம்பத்தகுந்த முத்திரைக்காரர்களின் பட்டியல் ஒன்று உண்டு. நீட்டிய முத்திரை அந்தப் பட்டியலில் இருந்தால் பேச்சு தொடரும், இல்லாவிட்டால் கதவு அடைபடும். வாசலில் நிற்பது யார் என்று கேட்டுவிட்டுத் தாழ்ப்பாளை எடுக்கிற சமாச்சாரம்தான் இது.

இதில் தலைவலி என்னவென்றால், சான்றிதழ்கள் காலாவதியாகும். முத்திரைக்காரர்கள் மாறுவார்கள். பட்டியல் பழசாகிக் கிடக்கும். அப்போதெல்லாம் மென்பொருள் வேலையை நிறுத்திவிட்டு, நம்ப முடியவில்லை, நம்ப முடியவில்லை என்று பக்கம் பக்கமாகப் புலம்பும். அந்தப் புலம்பலை அடக்குவதற்குக் கீழ்த்தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மென்பொருளுக்குள் சின்னதாக ஒரு துண்டைச் செருகிவிடுவார்கள். எந்தச் சான்றிதழ் வந்தாலும் சரி என்று தலையாட்டு, அவ்வளவுதான் அதன் அர்த்தம். அதற்கு அவர்களே ஆசையாக வைத்த பெயர் கண்கட்டு. மருந்தகத்து மென்பொருளுக்குக் கண்கட்டு. பில் போடுகிறதற்குக் கண்கட்டு. வார்டில் படுக்கை ஒதுக்குகிறதற்கும் கண்கட்டு. "கண்கட்டு போட்டாச்சா?" என்று டீ சாப்பிட்டாச்சா என்பதுபோல் கேட்டுக்கொள்வார்கள். பக்கத்திலேயே 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பு எழுதிவைப்பார்கள். எழுதியவர் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, வேறு கம்பெனிக்கும் போயிருப்பார். தற்காலிகம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அவள் பொறுப்பில் இருந்தது பரிசோதனை முடிவுகளை வாங்குகிற மென்பொருள். இரத்தம், சதை, சளி என்று இங்கே எடுப்பதில் பாதி ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய லேபுக்குப் போகும். முடிவுகள் அங்கிருந்து கணினி வழியாக வந்து டாக்டர்களின் திரையில் விழும். அந்த ஒரு மென்பொருளில் மட்டும் கண்கட்டு கிடையாது. அவள் போடவிடவில்லை. ஒவ்வொரு தடவை சான்றிதழ் மாறும்போதும் அரை நாள் உட்கார்ந்து, முறையாகப் பட்டியலைப் புதுப்பித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சரிசெய்வாள்.

"எதுக்கும்மா இந்த வீம்பு? எல்லாருக்கும் ஒரு வழின்னா உங்களுக்கு மட்டும் தனி வழியா?" என்று கேட்பார் பிரிவின் மேலாளர். அவர் எதற்கும் ஓகே சொல்கிறவர். மேலிடம் எதைக் கேட்டாலும் ஓகே, கீழே யார் எதைச் சொன்னாலும் ஓகே. ஓகே சார் என்றுதான் அவருக்குப் பெயர்.

"யாருன்னே பார்க்காம கதவைத் திறக்கிறது எனக்கு அருவருப்பா இருக்கு சார்" என்பாள் அவள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. தெரியாதவன் குடித்த தம்ளரில் குடிக்கச் சொன்னதுபோல் உடம்பு கூசும்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய அக்கா ஒரு ரகசியத்தைக் கொண்டுவந்து கொட்டினாள்.

அக்கா வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் மற்றவர்கள் அசந்திருந்த நேரத்தில், அக்கா அவளைத் துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். நனைந்த சட்டை ஒன்றைப் பிழிந்துகொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மார்ல ஒரு கட்டி இருக்குடி. குளிக்கும்போது கையில பட்டுச்சு."

அவள் வாளியிலிருந்து இன்னொரு துணியை எடுத்து உதறினாள். "அத்தானுக்குத் தெரியுமா?"

"சொல்லலை. சொன்னா அவர் அவங்கம்மாகிட்ட சொல்லுவார். அவங்க நாத்தனார்கிட்ட சொல்லுவாங்க. சாயங்காலத்துக்குள்ள என் மார் ஊருக்கே பேச்சாயிடும். இது என் உடம்பு. என்னன்னு தெரியறவரைக்கும் எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

மறுநாளே அவள் அக்காவைத் தன் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மருத்துவமனையின் பெரிய டாக்டரம்மா பார்த்துவிட்டு, கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து வெளி லேபுக்கு அனுப்பினார். படிவத்தில் தொடர்புக்கு யார் என்று கேட்ட இடத்தில், அக்கா கணவன் பெயரைப் போடாமல் தங்கையின் பெயரையும் போன் நம்பரையும் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் வரச் சொன்னார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முடிவு உன் மிஷின்லதானே வரும்? வந்ததும் நீ பார்த்து ஒரு வார்த்தை சொல்லிடேன். சாயங்காலம் வரைக்கும் எப்படிடி உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருக்கறது?"

"மாட்டேன்க்கா. டாக்டர் பார்க்கட்டும், உனக்குச் சொல்லட்டும். நீ என்கிட்ட சொல்லு. நான் திறந்து பார்க்கக்கூடாது."

"சொந்த அக்காவோடதுகூடவா?"

"யாரோடதும்தான். உன்னோடதைப் பார்த்தா, அப்புறம் இன்னொருத்தரோடதையும் பார்ப்பேன்."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தா அவன் நகத்துல அழுக்கு இருக்கான்னுதான் முதல்ல பார்த்திருப்ப" என்று சம்பந்தமில்லாமல் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஆட்டோ ஏறிப் போய்விட்டாள். அந்த வாரம் முழுவதும் போன் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் அலுவலகத்துக்குள் நுழைந்தபோதே இரண்டு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. லேபிலிருந்து ஒரு முடிவும் வரவில்லை. குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு நர்ஸ் கத்தினாள், அறுவைசிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் கத்தினார். அவள் தன் மென்பொருளின் குறிப்புகளைத் திறந்து பார்த்தாள். நம்ப முடியவில்லை, இந்தச் சான்றிதழுக்கு நம்பத்தகுந்த வழி எதுவும் கிடைக்கவில்லை என்று விடியற்காலையிலிருந்து அது புலம்பித் தள்ளியிருந்தது.

தன் மேஜைக் கணினியின் பிரவுசரில் லேபின் முகவரியைப் போட்டுப் பார்த்தாள். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் சமர்த்தாகத் திறந்தது.

"பிரவுசர்ல நல்லாத்தானே வருது! உங்க மென்பொருளுக்குத்தான் ஏதோ சீக்கு" என்றார் பின்னால் வந்து நின்ற ஓகே சார். "கண்கட்டைப் போட்டு விடுங்கம்மா. மேலேருந்து என்னைப் பிச்சுப் பிடுங்கறாங்க."

"காரணம் தெரியாம போடமாட்டேன் சார். நேத்து வரைக்கும் நம்பினதை இன்னிக்கு ஏன் நம்பமாட்டேங்குதுன்னு பார்க்கணும்."

"நோயாளிங்க காத்துக்கிட்டு இருக்காங்க. மனசாட்சி வேணும்."

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. காத்துக்கொண்டிருக்கிறவர்களில் ஒருத்தி யாரென்று அவருக்குத் தெரியாது. சாயங்காலம் டாக்டரம்மா திரையைத் திறக்கும்போது அங்கே ஒன்றுமில்லை என்றால், அக்கா இன்னொரு நாள், இன்னொரு ராத்திரி அந்தக் கட்டியோடு படுத்துக் கிடக்க வேண்டும். ஒரே ஒரு துண்டைச் செருகினால் போதும். விரல்கள் துறுதுறுத்தன. தன் விரல்களைப் பார்த்தே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிரவுசர் நம்பி, மென்பொருள் நம்பாமல் போனால் பத்துக்கு எட்டுத் தடவை ஒரே காரணம்தான் இருக்கும். லேபின் சான்றிதழுக்கும் பெரிய முத்திரைக்காரருக்கும் நடுவில் ஒரு சின்ன முத்திரைக்காரர் உண்டு. அவருடைய சான்றிதழையும் லேப் சேர்த்து நீட்ட வேண்டும், மறந்திருப்பார்கள். பிரவுசர் அதை எங்கிருந்தாவது தேடி எடுத்துக்கொள்ளும். மென்பொருளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அவள் லேபின் கணினிக்காரருக்குப் போன் போட்டாள்.

"நடுச் சான்றிதழை விட்டுட்டீங்க."

"இல்லீங்க மேடம், எல்லாத்தையும் அனுப்பறோம். நாங்க எதையுமே மாத்தலை."

"மாத்தாமலா இங்க எல்லாம் நின்னுபோச்சு? அரைகுறையா வேலை பார்த்துட்டு எங்க தலையில கட்டாதீங்க!" நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேள்வி கேட்டாள். பாவம், அந்த மனிதர் குரலை உயர்த்தாமல், "எங்ககிட்ட இருக்கறதை அப்படியே அனுப்பறேன், நீங்களே பாருங்க" என்றார். அனுப்பியும் வைத்தார்.

அவள் அந்தச் சான்றிதழ்களைத் தன் மென்பொருள் ஓடுகிற சர்வரின் பட்டியலில் சேர்த்தாள். மென்பொருளை நிறுத்தி மறுபடி கிளப்பினாள். அதே புலம்பல். தலையைச் சொறிந்தாள். பிறகுதான் உறைத்தது: சர்வருக்கு ஒரு பட்டியல், அவளுடைய மென்பொருள் தன் வயிற்றுக்குள் தனியாக வைத்திருக்கிற பட்டியல் ஒன்று. அது சர்வரின் பட்டியலைத் திரும்பியும் பார்க்காது. போன தடவையும் இதே இடத்தில்தான் அரை மணி நேரம் வீணாயிற்று. தலையில் அடித்துக்கொண்டு, சரியான பட்டியலில் சேர்த்துக் கிளப்பினாள்.

அதே புலம்பல்.

இப்போது அவளுக்கு வியர்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது, வாடை வந்தது. லேபில் இருப்பது சரி, பட்டியலில் இருப்பதும் சரி என்றால் வாசலில் வந்து நிற்பது யார்? காலையிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்போதுதான் செய்தாள். மேஜைக் கணினியை விட்டுவிட்டு, சர்வருக்குள்ளேயே போய், அங்கிருந்து லேபின் கதவைத் தட்டி, நீட்டப்படுகிற சான்றிதழை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.

பெயர் லேபின் பெயர்தான். முத்திரை லேபின் முத்திரை இல்லை. முத்திரை போட்டவர் என்ற இடத்தில், மருத்துவமனை போன வருடம் வாங்கிய ஒரு காவல் பெட்டியின் மாடல் நம்பர் பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியும். வைரஸைத் தடுக்க என்று நெட்வொர்க் பிரிவு வாங்கி வைத்தது. வழியில் நின்றுகொண்டு, போகிற வருகிற ஒவ்வொரு தகவலின் உறையையும் பிரித்து, உள்ளே படித்துப் பார்த்து, தன் சொந்த முத்திரையால் மறுபடி ஒட்டி அனுப்பும். ஊழியர்களின் பிரவுசர்களுக்கெல்லாம் அந்த முத்திரையை நம்பச் சொல்லி முன்பே பழக்கிவிட்டிருந்தார்கள். அதனால்தான் மேஜைக் கணினி சமர்த்தாகத் திறந்தது. ஊழியர்கள் என்ன மேய்கிறார்கள் என்று பார்க்கத்தான் பெட்டி என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சர்வர்களையும் அதன் பின்னால் கொண்டுபோய்விட்டது யாருக்கும் தெரியாது. மருந்தகத்து சர்வரை எப்போது கொண்டுபோனார்களோ, பில் சர்வரை எப்போதோ. கண் கட்டியிருந்தவற்றில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கண் திறந்திருந்த ஒரே மென்பொருள்தான் இன்று அலறியிருக்கிறது, அதைத்தான் சீக்கு என்கிறார்கள்.

நெட்வொர்க் பிரிவு இரண்டாவது மாடி. படியேறுமுன் ஓகே சாரிடம் போய், "காரணம் கிடைச்சுடுச்சு சார், லேப்ல தப்பு இல்லை, நான்தான் அவரைத் திட்டித் தொலைச்சேன். நம்ம பெட்டிதான் நடுவுல உட்கார்ந்து உறையைப் பிரிக்குது. மேல போய் நிறுத்திட்டு வர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்று சொன்னாள்.

"ஓகேம்மா, ஓகே" என்றார் அவர்.

மேலே அறை முழுக்கக் குளிர். சுவரோரம் பெட்டிகள் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. பெட்டிக்காரர் என்று எல்லாரும் கூப்பிடுகிற நெட்வொர்க் மனிதர், காகிதப் பொட்டலத்திலிருந்து வறுத்த கடலையை எடுத்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர். யாருக்கு மடிக்கணினி கெட்டாலும் முகம் சுளிக்காமல் சரிசெய்து கொடுப்பவர். அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"வாங்க மேடம், உட்காருங்க. கடலை எடுத்துக்குங்க."

"என் சர்வரைப் பெட்டிக்குப் பின்னால கொண்டு போனீங்களா?"

"ஆமா, நேத்து ராத்திரி மாத்தினேன். மத்த சர்வரெல்லாம் போயி பல மாசம் ஆச்சு மேடம். ஒருத்தர்கூட ஒரு புகார் சொல்லலையே! அதான் கடைசியா உங்களோடதையும் தள்ளிவிட்டேன்." அவர் முகத்தில் கள்ளம் இல்லை. "காலையில உங்களோடது முரண்டு பிடிச்சுது, பார்த்தேன். இப்ப சரியாயிடுச்சே."

"சரியாயிடுச்சா?"

"இப்பத்தான். கடகடன்னு வருது பாருங்க."

அவர் திரையைத் திருப்பினார். வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் படியேறிக்கொண்டிருந்த நேரத்தில் ஓகே சார், மருந்தக மென்பொருள்காரரை விட்டு அவளுடைய மென்பொருளுக்குக் கண்கட்டு போட வைத்துவிட்டார் என்பது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. காலையிலிருந்து தேங்கிக் கிடந்த முடிவுகள் எல்லாம் அணை உடைந்த மாதிரி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பெட்டிக்குள் பிரிபட்டு, நகல் எடுக்கப்பட்டு, ஒட்டப்பட்டுப் போனது. பெயர், வயது, எந்த வார்டு, என்ன நோய். யாரோ ஒருவரின் சிறுநீர். யாரோ ஒரு பெண் கர்ப்பமா இல்லையா என்பது. எல்லாம் கடலைத் தோல் ஒட்டிய அந்தத் திரையில் திறந்து கிடந்தது.

"இதெல்லாம் நீங்க படிக்கிறீங்களா?"

"சேச்சே, எனக்கென்ன வேலை இல்லையா? ஒழுங்கா வருதான்னு ரெண்டு மூணு திறந்து பார்த்தேன், அவ்வளவுதான்." கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, வீட்டு மனிதர்போல் அவள் பக்கம் குனிந்தார். "ஒண்ணுல தங்கைன்னு போட்டு உங்க பேரும் நம்பரும் இருந்துச்சு மேடம், கண்ணுல பட்டுச்சு. உங்க அக்காவா? பயப்படாதீங்க. கட்டி சாதாரணக் கட்டிதான். புத்துநோய் எல்லாம் இல்லை. நல்லா தெளிவா எழுதியிருக்காங்க."

முதலில் வந்தது நிம்மதி. அதை மறைப்பதற்கில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. அதன் பின்னாலேயே அருவருப்பு வந்தது. அக்காவின் கணவனுக்குத் தெரியாதது, அக்காவுக்கே இன்னும் தெரியாதது, கடலை தின்கிற விரலால் தொட்டுப் பார்க்கப்பட்டு இவளிடம் நீட்டப்படுகிறது. அந்த எச்சில் தம்ளரிலிருந்து தானும் இப்போது குடித்தாயிற்று. குடித்தது தித்திக்கவும் செய்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்த மனிதர் வேண்டுமென்றே வேவு பார்த்திருந்தால் ஓங்கி ஒன்று கொடுத்திருப்பாள். அவரோ நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"லேபோட முகவரியைப் பெட்டி திறக்காம விடணும். இப்பவே" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இதுவரைக்கும் எடுத்த நகலையெல்லாம் அழிக்கணும். நான் நின்னு பார்க்கணும்."

"எதுக்கு மேடம் இவ்வளவு கோபம்? நான் யார்கிட்டயாவது சொல்லப்போறேனா?"

"நீங்க சொல்லவேண்டியவரும் இல்லை, தெரிஞ்சுக்கவேண்டியவரும் இல்லை."

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் மறுக்கவில்லை. லேபின் முகவரியை விதிவிலக்கில் சேர்த்தார். நகல்களை அழித்தார். அவள் கடைசி வரி மறைகிறவரை நின்று பார்த்தாள். பெட்டியில் இருந்ததை அழித்தாயிற்று, இவர் மண்டைக்குள் இருப்பதை எதைக் கொண்டு அழிப்பது என்று தோன்றியது.

"மருந்தகம், பில், வார்டு. அதுங்களோடதெல்லாம்?"

"அதுக்கு அந்தந்தப் பிரிவு எழுதிக் கேட்கணும் மேடம்."

கீழே இறங்கியபோது அறையில் கலகலப்பாக இருந்தது. யாரோ கை தட்டினார்கள். ஓகே சார் அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்தார்.

"பார்த்தீங்களா, ஒரே நிமிஷத்துல முடிஞ்சுது! இதுக்குப் போய் காலையிலேருந்து..."

"தொடாதீங்கன்னு சொன்னேன். ஓகேன்னு சொன்னீங்க."

"அது... மேலேருந்து போன் வந்துச்சும்மா. நோயாளிங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"நோயாளிங்களோட உடம்பை எல்லாம் ரெண்டாவது மாடியில விரிச்சு வச்சு, நோயாளிங்களுக்காகத்தான்னு சொல்றீங்க." அவள் உட்கார்ந்து, செருகியிருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தாள். பக்கத்தில் வழக்கம்போல் 'தற்காலிகம்' என்று எழுதியிருந்தது, அதையும் அழித்தாள். காலையில் பட்டியல்களில் தேவையில்லாமல் திணித்த சான்றிதழ்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். மென்பொருளைக் கிளப்பினாள். லேபின் சொந்த முத்திரை, லேபின் சொந்தப் பெயர். மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நம்பியது. முடிவுகள் வந்துகொண்டே இருந்தன. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை, முன்னேயும் வந்துகொண்டுதானே இருந்தன.

"மத்த மூணுலயும் கண்கட்டை எடுக்கணும் சார். மாசக்கணக்கா எல்லாரோட விவரமும் அந்தப் பெட்டிக்குள்ள போயிருக்கு."

"ஓகேம்மா. அடுத்த மாசம் ஒரு கூட்டம் போட்டுப் பேசுவோம்" என்றார் அவர், ஃபிரிட்ஜிலிருந்து தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து, கதவை முழங்கையால் சாத்தியபடி. மருந்தக மென்பொருள்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் லேபின் கணினிக்காரருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டாள். "பரவாயில்லீங்க மேடம், எல்லா இடத்துலயும் எங்களைத்தான் முதல்ல திட்டுவாங்க" என்று அவர் சிரித்தார். அன்றைக்கு அவள் காதில் விழுந்தவற்றில் அந்த ஒரு பேச்சுதான் சுத்தமாக இருந்தது. பிறகு போய்க் கை கழுவினாள். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவள், எழுந்து போய் மறுபடி கழுவினாள்.

அக்காவுக்குப் போன் போடலாமா என்று கை பலமுறை போனது. அங்கே அவள் ஒவ்வொரு நிமிடமும் வெந்துகொண்டிருப்பாள். ஒரே வார்த்தை. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? பெட்டிக்காரர் சொன்னார் என்றா? அதோடு, டாக்டர் இன்னும் பார்க்கவில்லை. திறந்து பார்க்கமாட்டேன் என்று ஆட்டோ ஸ்டாண்டில் நின்று பெரிய பேச்சுப் பேசியவள், யாரோ திறந்து பார்த்ததை மட்டும் எந்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பாள்? போனைக் கவிழ்த்து வைத்தாள். மத்தியானம் அக்காவே கூப்பிட்டாள், ஒரு வாரத்துக்குப் பிறகு.

"உன் மிஷின் ஏதோ ஓடலையாமே? ரிசப்ஷன்ல சொன்னாங்க. முடிவு வந்துடுமாடி?"

"ஓடுது. சாயங்காலம் வந்துடும்க்கா."

"நீ ஒண்ணும் பார்க்கலையே?"

"நான் திறக்கலைக்கா" என்றாள். அது பொய் இல்லை. பொய் இல்லாமலும் வாய் கசந்தது.

வேலை முடிந்து, வாசலை ஒட்டிய வாகன நிறுத்தத்தில் அவள் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எதிர்முனையில் அழுகையும் சிரிப்புமாக அக்காவின் குரல்.

"ஒண்ணுமில்லையாம்டி! சாதாரணக் கட்டிதானாம். டாக்டரம்மா இப்பத்தான் திரையில பார்த்துச் சொன்னாங்க. அவங்க ரூமை விட்டு வெளிய வந்து, இந்த பெஞ்சுல உட்கார்ந்து, நேரா உனக்குத்தான் போடறேன். அவருக்குக்கூட இன்னும் சொல்லலை."

அவள் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தினாள்.

"அன்னிக்கு உன்மேல எனக்கு வந்த கோபம் இருக்கே, ஒரு வாரமா உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன்டி. இப்பத் தோணுது, நீ பார்க்காம இருந்ததுதான் நல்லது. டாக்டருக்கு அடுத்தபடி இந்த உலகத்துலயே முதல் ஆளா உனக்கு நான் என் வாயால சொல்றேன் பாரு, இது எவ்வளவு நல்லா இருக்கு!"

படிகளில் பெட்டிக்காரர் இறங்கி வந்துகொண்டிருந்தார். காதில் போனும் கண்ணில் நீருமாக நின்றவளைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. அவளுடைய கோபத்தையெல்லாம் மறந்தவராக, நான் சொன்னேனே என்பதுபோல் தலையை அசைத்து, மனதார ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தன் வண்டியைத் தேடிப் போனார்.

"என்னடி பேச்சே காணோம்? உனக்குச் சந்தோஷமா இல்லையா?"

அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

"இருக்குக்கா" என்றாள். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? முதல்லேருந்து சொல்லு."

அக்கா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.